ஆம்பியர் படித்தவருக்கு வோல்ட் படித்தவன் எழுதியது

"வோல்ட்ட நீங்க பாருங்க. ஆம்பியர நான் பாக்கறேன்."

"எதுக்கு மேடம் ரெண்டு பேரு? ரெண்டையும் நானே பாத்துர்றேன்."

"ஒரே நேரத்துலயா?"

"ஒரே நேரத்துலதான்."

"அப்ப உங்களுக்கு மாறுகண்ணா?"

"இல்லிங்க மேடம்."

"பின்ன எப்படி இந்த முள்ளையும் அந்த முள்ளையும் சேத்துப் பாப்பீங்க? உக்காருங்க. நான் 'நின்னுடுச்சு'ன்னு சொன்னதும் படிங்க. படிக்கிறது மட்டும்தான் உங்க வேலை. வகுக்கக் கூடாது."

"வகுத்தா என்ன மேடம், நானும் டிப்ளமாதான்."

"பாக்குறவங்க வகுக்கக் கூடாது. இங்க அதுதான் சட்டம்."

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால், இதே மோட்டார் சோதனைக் கூடத்தில், இரண்டு முள் மீட்டர்களுக்கு நடுவே நடந்த பேச்சு இது. சட்டம் சொன்னவர், இன்று பணி நிறைவு பெறும் திருமதி தமயந்தி அவர்கள். மாறுகண் இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தவன் கம்மாபுரம் சடையப்பன், அதாவது இந்த மடலை எழுதிப் படித்துக்கொண்டிருக்கும் நான். வயதில் அவருக்கு ஓராண்டு இளையவன். பணியிலும் ஓராண்டு இளையவன். அந்தப் பேச்சு நடந்து மூன்று ஆண்டுகள் கழித்து அவருக்குக் கணவன்.

அளவறிந்து பேசும் அம்மையீர், முள் நிற்கும்வரை முகம் திருப்பாத பொறுமையீர், கேள்வியால் கூடத்தை விழிக்க வைத்த கலைச்செல்வியீர், கணக்கில் கறாரும் கனிவில் தாராளமும் காட்டிய எங்கள் கடமைச் சுடரே, வணக்கம்.

இந்த அடைமொழிகளில் கடைசி ஒன்று மட்டும் என்னுடையது அல்ல. நம் கூடத்தின் குஞ்சிதபாதம் கேட்டு வாங்கிச் சேர்த்தது. நீங்கள் ஆம்பியரும் நான் வோல்ட்டும் படித்த நாட்களில், இரண்டையும் வாங்கி வகுத்து விடை எழுதியவர் அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். விழாவுக்கு வந்திருப்போருக்காகச் சொல்கிறேன். போன மாதம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், மேடத்துக்கு மடல் நீங்கதான் எழுதணும். ஆயுத பூஜை நோட்டீசே நீங்க எழுதறது. இத வேற யாரு எழுதறது?"

"என் வூட்டுக்காரம்மாவ நானே புகழ்ந்து எழுதினா நல்லாவாய்யா இருக்கும்?"

"வூட்ல சொல்றது இல்லதான? இங்கயாவது சொல்லுங்க."

எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார்.

"என்னா சார் இது, ஓமும் வாட்டுமா எழுதிகினு போயிருக்கீங்க? 'கருணைக் கடலே, கடமைச் சுடரே'ன்னு நாலு போடுங்க. ஃப்ரேம் போட்டுக் குடுக்கறது. வூட்ல மாட்ட வேணாமா?"

"மாட்டப்போறது என் வூட்லதான்யா. தெனம் அதுக்குக் கீழ உக்காந்து நான்தான் சோறு திங்கணும்."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "அப்பன்னா கடல் வேணாம். சுடர மட்டும் வெச்சுக்குங்க" என்றார்.

நான் இதை எழுத ஒப்புக்கொண்டதற்குக் குஞ்சிதபாதம் காரணம் அல்ல. பதினான்கு ஆண்டுகளுக்கு முன், இதே கூடத்தில், நம் ஆட்கள் பலர் நின்றுகொண்டிருக்க, உங்களைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னேன். அன்று முதல் நம் வீட்டில் ஒரு சொல் காணாமல் போனது. 'என்னங்க' என்று கூப்பிடுகிறீர்கள், 'ஏங்க இப்படி?' என்று கேட்பதில்லை. அந்த ஒரு சொல்லைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும் என்று பதினான்கு ஆண்டுகளாக ஒரு விண்ணப்பத்தை மனதில் வைத்திருக்கிறேன். பலர் முன்னால் சொன்னதைப் பலர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும். நாளை காலை நம் இருவரில் நான் மட்டும்தான் இந்தக் கூடத்துக்கு வருவேன். எனவே இன்றைக்கு விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை.

மடலின் முறைப்படி முதலில் உங்கள் பணியைச் சொல்கிறேன்.

இங்கே வந்திருக்கும் குடும்பத்தார் பலருக்கு, இந்தக் கூடத்தில் நாங்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறோம் என்பது தெரியாது. சுரங்கத்தில் நிலக்கரி சுமக்கும் பெல்ட்டை இழுக்கும் மோட்டார்கள் பழுதானால் இங்கே வரும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டிய பிறகு, அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது. எனவே சுருளில் மின்சாரத்தைச் செலுத்தி இரண்டே இரண்டு கேள்விகள் கேட்போம். எவ்வளவு அழுத்தம் கொடுத்தோம்? அது வோல்ட். எவ்வளவு ஓடியது? அது ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் அந்தக் கம்பி எவ்வளவு தடுக்கிறது என்பது வரும். அதுதான் மின்தடை, ஓம் கணக்கு. அதே இரண்டு எண்களைப் பெருக்கினால் அங்கே எவ்வளவு திறன் செலவாகிறது என்பது வரும். அது வாட் கணக்கு. எண்கள் அதேதான். வகுத்தால் ஒரு செய்தி, பெருக்கினால் இன்னொரு செய்தி. இந்த வியப்பு முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு நாளும் உங்களுக்குத் தீரவில்லை. உங்கள் பணிக்காலத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

பார்ப்பவர் ஏன் வகுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடை என்ன வரவேண்டும் என்று தெரிந்துவிட்டால் கண் அந்த விடைக்குத் தகுந்த எண்ணையே முள்ளில் பார்க்கும். அதனால் படிக்கிறவர் படிக்க மட்டும் வேண்டும், வகுக்க இன்னொருவர். நீங்கள் பணிக்கு வருவதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. இதைக் கடைசிவரை முழு மனதோடு நம்பியவர் நீங்கள் ஒருவர்தான்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஆண்டுகள் நாம் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம். ஒருநாள் குஞ்சிதபாதம் தன் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மேடம், சாரோட வோல்ட் மட்டும் ஒவ்வொரு தடவையும் லேட்டா வருது. முள்ளு ஸ்லோவா, ஆளு ஸ்லோவா?"

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். என் கண் அப்போது வோல்ட் மீட்டரில் இல்லை. எங்கே இருந்தது என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியதில்லை. "முள்ளு நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் ராஜபாளையத்துக்கும் என் கம்மாபுரத்துக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து, "பொண்ணு ஒரு வருசம் பெரியவளாமே" என்று என் பக்கத்தில் எழுந்த முணுமுணுப்பு, "வேலைல சீனியர்னா வூட்லயும் சீனியர்தான்" என்று என் அம்மா அமிர்தம் அதை ஒரே வரியில் முடித்துவைத்தது, இவையெல்லாம் நம் குடும்பத்தார் அறிந்த கதை.

அவர்கள் அறியாதது, பதினெட்டாவது பிளாக் குவார்ட்டர்ஸில் நம் முதல் வருடம் எப்படிப் போனது என்பது. பண்ருட்டியில் ஒரு பழைய சாமான் கடையில் நீங்கள் பேரம் பேசி வாங்கிய இரண்டு மீட்டர்கள் நம் சமையலறை மேடையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிப் பெட்டியை அதில் மாட்டினீர்கள். இருநூற்று முப்பது வோல்ட். மூன்று புள்ளி இரண்டு ஆம்பியர். அன்றைக்கு ஆம்பியரும் நீங்கள்தான், வகுத்தலும் நீங்கள்தான். வீட்டில் சட்டம் கிடையாது.

"வகுத்தா எழுபத்திரண்டு ஓம். சரி. பெருக்கினா எழுநூத்து முப்பத்தாறு வாட். பெட்டில எழுநூத்தம்பதுன்னு போட்டிருக்கு. ஏங்க, பதினாலு வாட் எங்க போச்சு?"

"பெட்டிக் கம்பெனிக்காரன் சாப்ட்டுட்டான்."

"வெளையாடாதீங்க. எங்க போச்சு?"

மூன்று நாள் தேடினோம். நான் ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் வாசலில் நின்று, "ஒயர்ல போயிருக்குமோ?" என்பீர்கள். கடைசியில் மீட்டர்தான் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தீர்கள். அந்த மீட்டரைத் தூக்கி எறிய நீங்கள் விடவில்லை. அதன் முதுகில் ஒரு சீட்டை ஒட்டி, 'மூன்றுக்கு மேல் புள்ளி பூஜ்யம் ஆறு கூட்டிக்கொள்ளவும்' என்று எழுதிவைத்தீர்கள்.

பிறகு அந்தக் குண்டு பல்பு. எரியும்போது கணக்குப் போட்டீர்கள். ஐந்நூற்றுச் சொச்சம் ஓம் வந்தது. அணைத்து ஆறவிட்டு, ஒரு டார்ச் பேட்டரியை வைத்துக் கணக்குப் போட்டீர்கள், நாற்பதுதான் வந்தது. அன்று முழுவதும் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

"அதே பல்பு. அதே கம்பி. ஆறிக் கெடந்தா நாப்பது, எரிஞ்சா ஐநூறு. ஏங்க இப்படி?"

"சூடாயிட்டா யாருக்குமே ரெசிஸ்டன்ஸ் ஏறத்தான செய்யும்."

"உங்க அண்ணனச் சொல்றீங்களா?"

அப்போது சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கமலா அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நம் மகள் வளர்மதி பிறந்த பிறகும் இது நிற்கவில்லை. பால் காய்ச்சும்போது ஒரு கேள்வி, பஸ்ஸில் ஒரு கேள்வி, திருவதிகைக் கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருக்கும்போது குருக்களின் தலைக்கு மேல் எரியும் விளக்கைப் பற்றி ஒரு கேள்வி. எனக்குப் பாதிக்குமேல் பதில் தெரியாது. தெரியாததைத் தேடிப் படித்துத்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். இந்தப் பிரிவில் என்னை விவரமானவன் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விவரமெல்லாம் உங்கள் கேள்விகளுக்குப் பதில் தேடிச் சேர்ந்தது என்பதை இன்று பதிவு செய்கிறேன்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். மடலில் இதைச் சொல்வது வழக்கம் இல்லை. குஞ்சிதபாதம் கூட, "இது வேணுமா சார்?" என்று கேட்டார். வேண்டும்.

பெரிய மோட்டார் ஒன்று சுருள் கட்டி முடித்து வந்திருந்தது. மூன்று சுருள்களும் ஒரே அளவு தடுக்க வேண்டும். முதல் சுருள்: பத்து ஆம்பியருக்கு ஐந்து வோல்ட். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு மின்சாரத்தைக் கொடுத்தோம். பெரிய சுருளில் மின்னோட்டம் உடனே ஏறிவிடாது. மெல்ல ஏறித்தான் நிற்கும். அது ஏற ஏற என் பக்கத்தில் வோல்ட் முள் மேலிருந்து இறங்கி வரும். இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியுமே. மற்ற இரண்டும் ஐந்தில்தானே நின்றன. பத்தால் வகுத்தால் அரை ஓம், மூன்றும் ஒன்று, வேலை முடிந்தது. நீங்கள் 'நின்னுடுச்சு' என்று சொல்வதற்கு முன்பே நான் சத்தமாக "அஞ்சு" என்றேன்.

"அரை ஓம். மூணும் ஒன்னு" என்று குஞ்சிதபாதம் எழுதிவிட்டார்.

"நான் இன்னும் நின்னுடுச்சுன்னு சொல்லலயே சார்" என்றீர்கள். "நீங்க எதப் பாத்துப் படிச்சீங்க?"

"முள்ளப் பாத்துத்தான் மேடம்."

"இவ்வளவு சீக்கிரமா? ஏன் அவசரம்? அஞ்சுலதான் நின்னுச்சா?"

சுற்றி ஏழெட்டு பேர் நின்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கூடத்தில் உங்களை ஒருபோதும் ஒருமையில் பேசாதவன், அன்று பேசினேன்.

"வூட்லதான் ஏன் எதுக்குன்னு கேட்டுகினே இருக்கற. இங்க வந்துமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடியே இருந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுடுச்சு. மறுபடி படிச்சுடுங்க சார்" என்றீர்கள்.

முள் ஐந்து புள்ளி மூன்றில் நின்றிருந்தது.

ஐந்து புள்ளி மூன்றைப் பத்தால் வகுத்தால் அரை ஓமுக்கு மேல் புள்ளி பூஜ்யம் மூன்று. அது ஒன்றுமில்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, வாய்விட்டும் சொன்னேன். நீங்கள் ஒரு தாளை எடுத்து அமைதியாகக் கணக்குப் போட்டீர்கள். அந்த மோட்டார் சுரங்கத்தில் ஓடும்போது அறுபது ஆம்பியர் இழுக்கும். அந்தப் புள்ளி பூஜ்யம் மூன்று ஓம் ஒரே இடத்தில் இருந்தால், அங்கே ஒன்று புள்ளி எட்டு வோல்ட் நிற்கும். அதை அறுபதால் பெருக்கினால் நூற்றெட்டு வாட்.

"நூத்தியெட்டா? அர்ச்சனைக் கணக்கால்ல இருக்கு" என்று சூழ்நிலையை மாற்றப் பார்த்தார் குஞ்சிதபாதம்.

சுருளைப் பிரித்துப் பார்த்தோம். புளியங்கொட்டை அளவு மூட்டு ஒன்று, பற்றவைப்பு முழுதாகப் பிடிக்காமல் இருந்தது. அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு நூறு வாட் குண்டு பல்பைப் போட்டுத் துணி சுற்றி மூடிவைத்தால் என்ன ஆகுமோ, அது ஆகியிருக்கும். எந்த ஷிப்டில், யார் பக்கத்தில் நிற்கும்போது ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் யோசிக்கிறேன்.

சோதனை அறிக்கையில் உங்கள் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: 'மூன்றாம் சுருள், முதல் வாசிப்பு ஏற்கப்படவில்லை. மறு வாசிப்பு 5.3.' யார் படித்தது என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஓர் இடம் கிடைத்திருக்கும்.

அடுத்த மாதம், தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் மீட்டர் சரிபார்ப்பு அறைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தீர்கள். மேலதிகாரி காரணம் கேட்டதற்கு, "அங்க வெளிச்சம் நல்லா இருக்கு சார்" என்று சொன்னீர்களாம். அன்றிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் வருகிறோம். தாழ்வாரத்தில் நான் வலப்பக்கம், நீங்கள் இடப்பக்கம். மாலை அதே ஸ்கூட்டர்.

சண்டை இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. வளர்மதி கல்யாணத்தைச் சேர்ந்து நடத்தினோம். என் அம்மாவை மூன்று வருடம் நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்தை என் ஊரே சொல்லும். எனக்குக் காய்ச்சல் என்றால் அரைநாள் லீவு போடுகிறீர்கள். பேசுகிறோம், சிரிக்கிறோம், ஒன்றாக டிவி பார்க்கிறோம். கேள்வி மட்டும் இல்லை.

போன மார்கழியில் ஹீட்டர் போட்டுத் தண்ணீர் சுடவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஏன் சுடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். வோல்டேஜ் இருநூற்றைந்துக்கு இறங்கிவிட்டது, அதே தடைதான், ஓட்டமும் சேர்ந்து குறைகிறது, அதனால் ஆயிரத்து ஐந்நூறு வாட் ஹீட்டர் ஆயிரத்து இருநூறுகூடத் தராது என்று சொல்ல வேண்டும் என விடையோடு கதவருகே நின்றேன். நீங்கள் வாளியைப் பார்த்தீர்கள். மூடிவைத்துவிட்டுப் போய்க் கோலம் போட ஆரம்பித்தீர்கள். நானே பின்னால் வந்து, "வோல்டேஜ் கம்மியா இருக்கு" என்றேன்.

"அப்படிங்களா" என்றீர்கள்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, துணிந்து, "என்மேல கோவமா?" என்று கேட்டேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "எதுக்கு?" என்றீர்கள். பதினான்கு ஆண்டுகளில் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அதற்கு எனக்குப் பதிலும் தெரியும். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

உங்கள் ஆர்வம் வற்றிவிட்டது என்று சில காலம் எண்ணிக்கொண்டேன். அது தவறு என்று எனக்குக் காட்டியவர் நம் உதவிப் பொறியாளர் இளவேனில். சென்ற ஆண்டு சரிபார்ப்பு அறையில் அவருக்குப் பணி. ஒருநாள் என்னிடம் வந்தார்.

"சார், மேடம் கேள்வி கேட்டே என்னைக் கொல்றாங்க. வீட்ல எப்படி சமாளிக்கிறீங்க?"

"என்ன கேட்டாங்க?"

"உங்க வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு. ரெண்டாயிரம் வாட்னு காட்டுதாம். மேடம் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாத்தா இருநூத்திப் பதினஞ்சு வோல்ட், ஏழரை ஆம்பியராம். பெருக்கினா ஆயிரத்து அறுநூத்துச் சொச்சம்தான வருதுன்னு கேக்கறாங்க. ஏன் சார்? உங்ககிட்ட கேட்டிருப்பாங்களே?"

கேட்கவில்லை. என் வீட்டு அடுப்பு; தினமும் நான் அதன் பக்கத்தில் நின்று காபி குடிக்கிறேன். அந்தக் கேள்வி ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்து, தாழ்வாரத்தில் இடப்பக்கம் திரும்பி, இளவேனிலிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இளவேனில்மீது எனக்கு வந்தது பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மறைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த அறையைப் பற்றி அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மீட்டருக்கும் நீங்கள் ஓர் அட்டை எழுதிவைத்திருக்கிறீர்களாம்: எந்த இடத்தில் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது, எங்கே குறைத்துச் சொல்கிறது என்று. இளவேனில் ஒன்றைக் கழித்துவிடலாம் என்றபோது, "எவ்வளவு தப்பா காட்டுதுன்னு தெரிஞ்சுட்டா அதுவும் நல்ல மீட்டர்தாம்மா" என்றீர்களாம். பதினான்கு ஆண்டுகளில் உங்கள் கையைத் தாண்டி வந்த ஒரு மீட்டர்கூட இந்தக் கூடத்தில் எங்களை ஏமாற்றியதில்லை. எங்கள் சோதனைகள் எல்லாமே நீங்கள் கண்ணில் படாத இடத்தில் செய்த வேலையின்மேல் நின்றன. இது புகழ்ச்சி அல்ல. சக ஊழியர்கள் அனைவரும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட உண்மை.

எனக்கும் அப்படி ஓர் அட்டை வைத்திருக்கிறீர்களா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய ஆவல்.

அளந்து பேசி, அயராது உழைத்து, அனைவரையும் சமமாய் எண்ணி முப்பத்தாறு ஆண்டுகள் எங்களோடு இருந்த அம்மையீர், தாங்கள் இனிவரும் ஆண்டுகளில் உடலில் நோயின்றி, உள்ளத்தில் குறையின்றி, மகளும் பேரப்பிள்ளைகளும் மகிழ்ந்து சூழ, பார்க்க நினைத்த ஊர்களையெல்லாம் பார்த்து, போட நினைத்த கணக்குகளையெல்லாம் போட்டு, நூறு அகவை கடந்தும் நலமாய் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம்.

அன்புடன்,
மோட்டார் சோதனைக் கூடம் மற்றும் மீட்டர் சரிபார்ப்பு அறையின் ஊழியர்கள் முப்பத்தொருவர்.

ஃப்ரேமுக்குள் போகும் மடல் இங்கே முடிகிறது. கீழே உள்ளது என்னுடையது மட்டும். இதையும் ஃப்ரேமில் போடலாமா என்பதை மேடமே சொல்லட்டும் என்று குஞ்சிதபாதம் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அன்று நான் முள்ளைப் பார்க்கவில்லை. விடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது சரி. கேட்ட இடமும் சரி. கேட்ட விதமும் சரி. நான் சொன்னதுதான் தவறு. அன்று நின்றவர்களில் ஐந்து பேர் இப்போதும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதை எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும். கேட்கிறேன்.

தமயந்தி, வூட்ல என்னைய ஏன்னு கேளு. தெனம் கேளு.